டெஸ்ட் ‘நெகடிவ்’... ஆனாலும் தூக்கம் வரவில்லையா?

ராத்திரி மணி ரெண்டு. வீட்டில் எல்லோரும் அசந்து தூங்குகிறார்கள். நீங்கள் மட்டும் பாத்ரூம் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நாக்கில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. நேற்றும் இருந்ததா? கழுத்தைத் தடவுகிறீர்கள். தாடைக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி மாதிரி... நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ‘அதுதான். அதேதான்!’ என்று தோன்றுகிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு வெளியூர் போன இடத்தில் ஒரு மசாஜ் சென்டருக்குள் நுழைந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். உடலுறவு வரைக்கும் போகவில்லை. கையால் தொட்டதும், ஒரு முத்தமும்தான். (அல்லது உடலுறவு நடந்தது, ஆனால் ஆணுறை போட்டிருந்தீர்கள், அது கிழியவும் இல்லை, கழன்றுகொள்ளவும் இல்லை.) ஊருக்குத் திரும்பிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டது. ‘நெகடிவ்’ என்றுதான் ரிசல்ட். நம்பிக்கை வராமல் வேறு லேபில் இன்னொரு தடவை. அங்கேயும் நெகடிவ். அப்படியும் இந்த நேரத்தில் கண்ணாடி முன்னால் நிற்கிறீர்கள்.

இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். உங்கள் கணவரோ, மகனோ, தம்பியோ இப்படி உருகிப்போவதைப் பார்த்துக் காரணம் புரியாமல் தவிக்கிறவர்களுக்காகவும்தான்.

பயம் முளைத்த கதை

‘எனக்கு எய்ட்ஸ் வந்துவிட்டது’ என்ற இந்த பயத்தை டாக்டர்கள் ரொம்ப காலமாகவே பார்த்து வருகிறார்கள். ‘எய்ட்ஸ் போபியா’ என்றே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊரில் இந்த பயத்துக்குத் தனிச் சரித்திரமே உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல், சென்னையில்தான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து, பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்துப் பார்த்தபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. ஆகவே, பயமுறுத்துவது ஒன்றுதான் தடுப்பூசி! எய்ட்ஸ் என்றால் மரணம் என்று சுவருக்குச் சுவர் எழுதினார்கள். பிறகு புள்ளி ராஜா விளம்பரம் வந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது.

அந்த பயம் அன்றைக்கு வேலை செய்தது, மறுப்பதற்கில்லை. ஆனால், மருத்துவம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1996 வாக்கில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்தது. 2004-ல் இந்திய அரசு அதை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தொடக்கத்திலேயே தந்த ஆஸ்பத்திரிகளில் நம் தாம்பரமும் ஒன்று. இன்றைக்கு எச்.ஐ.வி. உள்ளவர்களில் பெரும்பாலோர் தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். காலத்தோடு கண்டுபிடித்து, மருந்தை விடாமல் சாப்பிட்டால் ஆயுளும் ஏறக்குறைய மற்றவர்கள் மாதிரியேதான். மருந்தினால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவதே இல்லை. இது உறுதியாக நிரூபிக்கப்பட்ட விஷயம்.

நோய் மாறிவிட்டது. நம் மனசில் ஒட்டிய சுவரொட்டிதான் மாறவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்

பயத்தோடு பேசுவதற்கு முன்னால் உடம்போடு பேசிவிடுவது நல்லது. எச்.ஐ.வி. பரவுவதற்கு ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இவற்றில் ஒன்று வேண்டும். அது உடம்பின் உள்ளே போகவும் வேண்டும். அதாவது ஆணுறை இல்லாத உடலுறவு, ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொள்வது, சோதிக்காத ரத்தம் ஏற்றுவது, தாயிடமிருந்து குழந்தைக்கு. இவ்வளவுதான் வழி. எச்சில், வியர்வை, கண்ணீர் இவற்றால் பரவாது. கைகுலுக்குவது, கட்டிப்பிடிப்பது, மசாஜ், ஒரே டம்ளரில் தண்ணீர், பொதுக் கழிப்பறை... எதுவும் இல்லை. முத்தமா? அதுவும் இல்லை. ரெண்டு பேருக்கும் வாயில் ரத்தம் ஒழுகும் புண் இருந்தால் ஒழிய, முத்தத்தை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரி, நிஜமாகவே ஆபத்தான உறவு என்றால் எவ்வளவு ஆபத்து? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணக்குத் தருகிறது. எச்.ஐ.வி. உள்ள, மருந்து சாப்பிடாத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் வழக்கமான உடலுறவு ஒரு தடவை நடந்தால், ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் சுமார் 4. பெண்ணுக்குச் சுமார் 8. ஆசனவாய் வழி உறவில், ஏற்றுக்கொள்பவருக்கு 138. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் நோயாளிக்குப் போட்ட ஊசி குத்திவிட்டால் 23. வாய்வழி உறவில் எண் போட முடியாத அளவுக்குக் குறைவு. இதெல்லாம் எதிராளிக்கு எச்.ஐ.வி. நிச்சயமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இந்தியாவில் வயது வந்தவர்களில் 1,000 பேருக்குச் சுமார் 2 பேருக்குத்தான் இந்தத் தொற்று இருக்கிறது.

உடனே, ‘ஓகோ... 10,000-ல் நாலுதானா?’ என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இது சராசரி. பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் இந்த எண் பல மடங்கு ஏறும். புதிதாகத் தொற்றிய ஆளிடம் கிருமி ஏராளமாக இருக்கும். பாலியல் தொழிலில் இருப்பவர்களிடமும், ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்களிடமும் தொற்று பொது ஜனங்களைவிட அதிகம். ஒரே தடவையில் தொற்று வாங்கியவர்களும் உண்டு. ஆணுறைக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் பதிலாகாது.

ஆனால், உங்கள் விஷயம் என்ன? கையால் தொட்டது, முத்தம், கிழியாத ஆணுறை. இந்த அட்டவணையில் உங்களுக்கு இடமே கிடையாது.

தியேட்டர் சீட்டில் ஊசி!

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1990-களின் கடைசியில் உலகம் முழுக்க ஒரு வதந்தி சுற்றியது. சினிமா தியேட்டரில் சீட்டில் உட்கார்ந்ததும் சுருக்கென்று ஏதோ குத்துமாம். எழுந்து பார்த்தால் ஊசியும், ‘எய்ட்ஸ் உலகத்துக்கு உங்களை வரவேற்கிறோம்’ என்று ஒரு சீட்டும் இருக்குமாம்! ஊர் பெயரும் தியேட்டர் பெயரும் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன. ‘என் மச்சினனோட ஃபிரண்டுக்கே நடந்துச்சு’ என்று சொல்ல ஆள் இருந்தார்களே தவிர, குத்துப்பட்ட ஆளைத்தான் காணோம். பிறகு அதே கதை பழச்சாறு பாக்கெட்டில் ரத்தம் கலந்துவிட்டார்கள் என்று செல்போனுக்கு இடம் மாறியது. குடித்த பழச்சாறு வழியாக எச்.ஐ.வி. வராது. உடம்பை விட்டு வெளியே வந்து, காற்றுப்பட்டு உலர ஆரம்பித்ததுமே அந்தக் கிருமி தொற்றும் சக்தியை இழக்கத் தொடங்கிவிடும்.

கொசு? கொசு நம்மைக் கடிக்கும்போது உள்ளே செலுத்துவது தன் எச்சிலைத்தான். முந்தின ஆளின் ரத்தத்தை அல்ல. மலேரியா கிருமி கொசுவின் உடம்பில் வளர்கிறது, அதனால் பரவுகிறது. எச்.ஐ.வி.யால் கொசுவுக்குள் வளர முடியாது. கொசுவுக்கு அது வெறும் சாப்பாடு. ஜீரணமாகிப் போய்விடும்.

சலூன் பிளேடுக்கும் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். புது பிளேடு போடச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால், அதற்கு நியாயமான காரணம் ஹெப்படைட்டிஸ்-பி. அந்தக் கிருமி உடம்புக்கு வெளியே ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது, மூன்று தவணை. எச்.ஐ.வி.யை நினைத்து நடுங்குகிறவர்களில் எத்தனை பேர் இதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது!

நிஜமான ஆபத்தா? 72 மணி நேரம்தான்!

இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு நடந்தது உண்மையிலேயே ஆபத்தான சம்பவமாக இருக்கலாம். ஆணுறை கிழிந்திருக்கலாம், போடாமலே இருந்திருக்கலாம், பலாத்காரமாகவும் இருக்கலாம். அவர்கள் ஒரு விநாடியும் வீணாக்கக் கூடாது. தொற்று ஊன்றுவதற்கு முன்னாலேயே தடுக்கிற மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் ஆரம்பித்து, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே என்று மூன்றாம் நாள் போகாதீர்கள். முதல் சில மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். ராத்திரி நேரமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

முத்தத்துக்கும் மசாஜுக்கும் இந்த மருந்து தேவையில்லை. டாக்டர் ‘வேண்டாம்’ என்றால், ‘எதுக்கும் இருக்கட்டும் சார், எழுதிக் குடுங்க’ என்று கெஞ்சாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. சிறுநீரகத்தைக் கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள் அவை.

ஒரு டெஸ்ட், சரியான தேதியில்

கிருமி நுழைந்த மறுநாளே டெஸ்ட்டில் தெரியாது. அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். கையில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் செய்கிற, கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிரான உடம்பின் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கிற ‘நாலாம் தலைமுறை’ டெஸ்ட், 45 நாளுக்குப் பிறகு நெகடிவ் என்றால், நெகடிவ்தான். விரல் நுனியில் குத்திச் செய்கிற ரேப்பிட் டெஸ்ட் என்றால் 90 நாள் கழித்துச் செய்ய வேண்டும். தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியில் செய்யட்டும்.

‘அடுத்த மாசம் மாறிட்டா?’ என்றுதானே கேட்கிறீர்கள்? மாறாது. இடையில் புதிதாக எதுவும் நடக்காமல் மாறவே மாறாது. ‘என் உடம்பு எதிர்ப்பொருளை உற்பத்தி பண்ணாத உடம்பா இருந்தா?’ என்று அடுத்த கேள்வி வருகிறதே... அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் பேசுவோம்.

டெஸ்ட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற போர்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எல்லாம் இலவசம். டெஸ்ட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஆலோசகர் ஒருவர் உட்கார வைத்துப் பேசுவார். ‘எங்க போனீங்க, ஏன் போனீங்க’ என்று விசாரணை நடத்த மாட்டார். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் செய்யக் கூடாது, ரிசல்ட்டை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

முதல் டெஸ்ட்டில் ‘ரியாக்டிவ்’ என்று வந்தாலும் அதுவே தீர்ப்பு அல்ல. வேறு வேறு முறையில் இன்னும் ரெண்டு டெஸ்ட் செய்துதான் உறுதி செய்வார்கள். தனியார் லேபில் ஒரே ஒரு ரியாக்டிவ் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு விபரீத முடிவுக்குப் போனால், அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இன்னொரு விஷயம், இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. சில பேர் வெட்கப்பட்டுக்கொண்டு, ரத்த தானம் செய்தால் அவர்களே எச்.ஐ.வி. டெஸ்ட் செய்துவிடுவார்கள் என்று ரத்த வங்கிக்குப் போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டெஸ்ட்டில் தெரியாத அந்த ஆரம்ப நாட்களில் நிஜமாகவே தொற்று இருந்தால், உங்கள் ரத்தம் ஒரு பிரசவ கேஸுக்கோ விபத்து கேஸுக்கோ ஏறிவிடும். சந்தேகம் இருக்கிறவர் ரத்தம் கொடுக்கக் கூடாது.

அப்படியும் ஏன் நிம்மதி இல்லை?

இதுவரைக்கும் சொன்னதைப் படித்து உங்களுக்கு ஓர் ஆறுதல் வந்திருக்கும். அது எவ்வளவு நேரம் நிற்கும்? சாயங்காலம் வரைக்கும்? நாளை காலை வரைக்கும்? நிஜமான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தகவல் போதாமல் வந்த பயம் என்றால் தகவல் கிடைத்ததும் போய்விட வேண்டும். போகவில்லை என்றால், அது வேறு ஜாதி பயம்.

அது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பயந்தால் இதயம் வேகமாக அடிக்கும், வியர்க்கும், வயிறு கலக்கிப் பேதியாகும், பசிக்காது, தூக்கம் போகும். சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் எடை குறையும், அசதி வரும். இப்போது அந்தப் பழைய சுவரொட்டியை நினைத்துப் பாருங்கள். எடை குறைவு, தொடர் பேதி, அசதி, ராத்திரி வியர்வை! பயத்தின் அறிகுறிகளும் அங்கே போட்டிருந்த அறிகுறிகளும் ஒரே பட்டியல். பயமே நோய் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்!

நாக்கில் வெள்ளை என்கிறீர்கள். காலையில் எழுந்ததும் யார் நாக்கைப் பார்த்தாலும் கொஞ்சம் வெள்ளையாகத்தான் இருக்கும். பத்து நாள் சரியாகச் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் கூடும். கழுத்தில் நெறி என்கிறீர்கள். ஒல்லியான ஆட்களுக்குக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் சின்னச் சின்ன நெறி தட்டுப்படுவது சகஜம். அதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அழுத்திப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும்? தெர்மாமீட்டர் வைத்து 99 டிகிரி காட்டுகிறது என்கிறீர்கள். சாயங்கால நேரத்தில் எல்லோருக்கும் உடம்புச் சூடு கொஞ்சம் ஏறும், 99 என்பது காய்ச்சலே அல்ல. தொற்று வந்தவர்களில் பலருக்கு ரெண்டு முதல் நாலு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வருவது உண்மைதான். ஆனால், இதே அறிகுறிகள் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் டெங்குவிலும் வரும். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. டெஸ்ட் சொல்லும். உங்களுக்குச் சொல்லியும் விட்டது.

இன்னொரு டெஸ்ட் எடுத்தால் ரெண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ‘லேபில் சாம்பிள் மாறியிருந்தால்?’ என்று ஒரு சந்தேகம். செல்போனை எடுத்துத் தேடுகிறீர்கள். எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவருக்கு ஆறு மாதம் கழித்து பாஸிடிவ் வந்ததாக ஒரு வரி கண்ணில் படுகிறது. தொலைந்தது! மறுபடி லேப். சொறி பிடித்தவன் சொறிகிற கதைதான். சொறிந்தால் சுகம், ஆனால் அரிப்பு போகாது, புண்தான் பெரிதாகும். ‘என் உடம்பு எதிர்ப்பொருளை உற்பத்தி பண்ணாத உடம்பா இருந்தா?’ என்று கேட்டீர்களே, அது கிருமி எழுப்பிய கேள்வி அல்ல. அரிப்பு எழுப்பிய கேள்வி. இதற்கு டாக்டர் பதில் சொன்னால், இதைவிட விசித்திரமான இன்னொரு கேள்வி தயாராக நிற்கும்.

மனநல மருத்துவத்தில் இதற்கு ‘நோய் பயக் கோளாறு’ என்று பெயர். சிலரிடம் இது, கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்களே, அந்த மனச்சுழற்சி நோயின் இன்னொரு முகமாகவும் இருக்கும். குழந்தையைத் தூக்காமல் இருப்பார்கள். சோப்பு, டவல், தட்டு எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்வார்கள். கேட்டால், ‘சளி பிடிச்சிருக்கு’ என்பார்கள்.

டெஸ்ட் டியூபில் அடங்காத விஷயம்

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த பயத்தோடு வருகிறவர்களில் பல பேர் கண்டபடி சுற்றுகிற ஆசாமிகள் அல்ல. ஒழுங்காக வளர்ந்து, ஒழுங்காகக் குடும்பம் நடத்தி, ஒரே ஒரு தடவை கால் இடறியவர்கள். மனசாட்சி உறுத்துகிறது. ‘தப்பு செஞ்சுட்டேன், இதுக்குத் தண்டனை வராம போகுமா?’ என்று உள்ளுக்குள் ஒரு குரல். தண்டனை எந்த ரூபத்தில் வரும் என்று மனசே தேடுகிறது. எய்ட்ஸ் ரெடியாக இருக்கிறது! ஆகவேதான் நெகடிவ் ரிசல்ட் வந்தாலும் மனசு ஏற்க மறுக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். ‘மன்னித்தோம்’ என்று அச்சடித்துக் கொடுக்க அவர்களால் முடியாது. நீங்கள் தேடிப் போவது அந்த ரெண்டாவது காகிதத்தை.

அப்படியானால் மனைவியிடம் சொல்லிவிடலாமா? இதற்கு என் பதில் ரெண்டு பங்கு. நடந்தது நிஜமான ஆபத்து என்றால் மறைக்க உங்களுக்கு உரிமையே இல்லை. ரிசல்ட் வரும் வரை விலகி இருங்கள், அல்லது ஆணுறை போடுங்கள், அவருக்கும் விஷயம் தெரிந்தாக வேண்டும். ஆபத்தே இல்லாத சம்பவம் என்றால், நடுராத்திரியில் எழுப்பி அழுது கொட்டிவிடாதீர்கள். அது உண்மையைச் சொல்வது ஆகாது. லேபுக்குப் பதில் மனைவியிடம் போய் ஆறுதல் வாங்குவது, அவ்வளவுதான். உங்கள் அரிப்பு ரெண்டு நாள் அடங்கும், அவருடைய தூக்கம் வருஷக்கணக்கில் போகும். முதலில் பயத்துக்கு சிகிச்சை எடுங்கள். மனசு தெளிந்த பிறகு, சொல்வதா வேண்டாமா என்று ஆலோசகரோடு உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கலாம்.

பெண்களின் பயத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. பல பெண்களுக்கு பயம், தான் செய்ததைப் பற்றி அல்ல. கணவர் என்ன செய்தாரோ என்பதைப் பற்றி. அம்மா, அக்கா யாரிடமும் வாய் திறக்க முடியாது. ‘அது உன் மனப்பிரமை’ என்று இதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. இந்தியாவில் கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தொற்று வந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் நம்பிக்கை மையத்துக்கு நீங்களே போகலாம்; கணவரிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ரிசல்ட் நெகடிவ் என்று வந்த பிறகும் பயம் விடாவிட்டால், அப்போது மேலே சொன்ன கதை உங்களுக்கும்தான்.

வெளியே வரும் வழி

ஒரு காகிதத்தில் சம்பவம் நடந்த தேதி, டெஸ்ட் செய்த தேதி, என்ன டெஸ்ட், என்ன ரிசல்ட் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டாக்டரிடம் காட்டி, ‘முடிந்துவிட்டதா?’ என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். ‘முடிந்துவிட்டது’ என்றால் அந்தக் கதவு சாத்தப்பட்டது. இனி லேப் பக்கம் தலைவைக்காதீர்கள். செல்போனில் தேடுவதையும் நிறுத்துங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. நாக்கைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறதா? ‘பார்க்கக் கூடாது’ என்று மல்லுக்கட்டாதீர்கள். ‘அரை மணி கழித்துப் பார்க்கிறேன்’ என்று தள்ளிப்போடுங்கள். அந்த அரை மணியில் காய்கறி நறுக்குங்கள், குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுங்கள். வேகம் தானாகத் தணிவதைப் பார்ப்பீர்கள். அடுத்த வாரம் ஒரு மணி நேரம் தள்ளுங்கள்.

இதிலேயே சரியாகிறவர்கள் உண்டு. ஒரு மாதம் முயன்றும் வேலையிலும் வீட்டிலும் மனசு ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘நான் என்ன பைத்தியமா?’ என்று கோபப்பட வேண்டாம். எண்ணங்களைச் சீர்படுத்தும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாக வேலை செய்கிறது. வாரம் ஒரு தடவை என்று சில மாதங்கள் பிடிக்கும். தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்கள். அது போட்ட அன்றைக்கே குணம் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும். பழக்கமாகிவிடும் வகை மருந்து அல்ல அது. ஆனாலும் டாக்டர் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடுவது, தூக்கம் வருவதற்காகத் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடுகிறீர்களே, அதுதான். மதுவும் அப்படியே. லாட்ஜில் ரூம் போட்டு, ‘எய்ட்ஸுக்கு நூறு சதவிகிதம் கேரண்டி’ என்று லேகியம் விற்கிற ஆட்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். இல்லாத நோயைக் குணப்படுத்துவது ரொம்ப சுலபம். பில் மட்டும் பெரிதாக வரும்!

‘செத்துப்போயிடலாம்’ என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அது அவசர கேஸ். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்; 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்; பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நிஜமாகவே எச்.ஐ.வி. வந்தவர்களே முப்பது வருஷம் தாண்டி வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

‘என்னங்க, ஒரு மாசமா சரியா சாப்பிடறதில்ல, குழந்தைய தூக்கறதில்ல. என்ன ஆச்சு?’ என்று கேட்டால் அவர் எரிந்து விழலாம். விட்டுவிடாதீர்கள். ‘எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லணும்னு இல்ல. நான் வெளியில உட்கார்ந்திருக்கேன்’ என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். பல பேருக்குக் கதவைத் திறந்துவிட இந்த ஒரு வாக்கியம் போதும்.

விஷயம் தெரிந்த பிறகு வேறு ஒரு தொல்லை ஆரம்பிக்கும். நாளைக்குப் பத்து தடவை, ‘எனக்கு ஒண்ணும் இருக்காதில்ல?’ என்று கேட்பார். ‘இல்லவே இல்ல’ என்று பத்து தடவையும் நீங்கள் சொன்னால், நீங்களும் அந்த லேப் மாதிரி ஆகிவிடுவீர்கள். ‘எத்தனை வாட்டி சொல்றது!’ என்று சீறினாலும் பயம் கூடும். ‘இதுக்கு டாக்டர் பதில் சொல்லியாச்சு. இப்போ கேட்கறது உங்க பயம்தான். நான் மறுபடி பதில் சொல்ல மாட்டேன், ஆனா கூடவே இருக்கேன். வாங்க, கடைக்குப் போயிட்டு வரலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவரைப் பார்க்கிற டாக்டரிடமும் நீங்கள் இப்படித்தான் பதில் சொல்கிறீர்கள் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். ரெண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அந்தப் பத்து தடவை சீக்கிரமே மூன்றாகக் குறையும்.